சிறு தொழிலுக்குப் புல்வெட்டும் மிஷின்: எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

வடகிழக்குப் பருவமழை முடிந்து தை பிறக்கும்போது நம் மாவட்டத்தில் புல்லும் புதரும் இடுப்பளவு வளர்ந்து நிற்கும். ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்துத் தென்னந்தோப்புகள், அறந்தாங்கி, மணமேல்குடி பகுதிகளில் விற்காமல் கிடக்கும் மனைகள், பள்ளிக்கூட மைதானங்கள், கண்மாய்க் கரைகள், நம் ஜமாஅத்துகளின் மையவாடிகள் எல்லாவற்றிலும் இதே நிலைதான். முன்பு பத்து ஆட்களை விட்டு அரிவாளால் அறுத்த வேலைக்கு இப்போது ஆள் கிடைப்பதில்லை. அதனால் ஒரு மிஷினை வாங்கி, வாடகைக்குப் புல்வெட்டித் தரும் தொழில் நம் ஊர்களில் மெல்ல வளர்ந்து வருகிறது.

சபரிலிருந்து திரும்பிய சகோதரர்கள் பலருக்கு இந்தத் தொழிலில் நாட்டம் இருக்கிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் தோட்டப் பராமரிப்பு வேலை பார்த்தவர்கள், உட்கார்ந்து ஓட்டும் பெரிய மிஷின்களைப் பார்த்திருப்பார்கள். சிலர் ஓட்டியும் இருப்பார்கள். அதே மிஷினை ஊரில் வாங்கிப் போட்டால் என்ன என்று தோன்றுவது இயல்பு. ஆனால் சேர்த்து வைத்த பணத்தையோ, வீட்டுப் பெண்களின் நகையை அடகு வைத்து எடுத்த பணத்தையோ போடுவதற்கு முன், எந்த மிஷின் எந்த நிலத்துக்கு ஆகும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். தவறான மிஷின் கொட்டகையில் நிற்கும். நகை அடகுக்கடையில் நிற்கும். அதைத் தவிர்ப்பதற்கான விளக்கமே இக்கட்டுரை.

நான்கு வகை மிஷின்கள்

புல்வெட்டும் மிஷின் என்ற ஒரே பெயரில் நான்கு வேறு வேறு கருவிகள் விற்கப்படுகின்றன.

முதலாவது, தோளில் மாட்டி வேலை செய்யும் பிரஷ் கட்டர். வேளாண்மைப் பொறியியல் துறை இதைப் 'புதர் அகற்றும் கருவி' என்கிறது. நீண்ட குழாயின் ஒரு முனையில் சிறு இன்ஜின், மறுமுனையில் சுழலும் நைலான் நரம்பு அல்லது பிளேடு. மேடு பள்ளம், வரப்பு, மரத்தடி, வேலியோரம், கபுருகளுக்கு இடையிலான சந்து என எங்கும் போகும்.

இதன் வரலாறு சுவையானது. புல்தரை வெட்டும் மிஷினை 1830இல் இங்கிலாந்தின் எட்வின் பட்டிங் கண்டுபிடித்தார். ஆனால் மரத்தடியிலும் சுவரோரத்திலும் அந்த மிஷின் நுழையாது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரைச் சேர்ந்த ஜார்ஜ் பாலாஸ், கார் கழுவும் நிலையத்தில் சுழலும் தூரிகைகளைப் பார்த்து, ஒரு தகர டப்பாவில் நரம்பைக் கட்டிச் சுழலவிட்டு 1971இல் நரம்பால் புல் வெட்டும் முறையை உருவாக்கினார். நம் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு நன்கு தெரிந்த தங்கூசி நரம்பு போன்றதுதான் அது. சற்றுத் தடிமன் கூடுதல்.

இரண்டாவது, பின்னால் நடந்து தள்ளும் லான் மோவர். நான்கு சக்கரம், அடியில் ஒரு பிளேடு. வெட்டும் அகலம் பெரும்பாலும் 18 முதல் 21 அங்குலம். பங்களா, மருத்துவமனை, கல்லூரி முகப்புகளில் வளர்க்கும் புல்தரைக்கு ஏற்றது.

மூன்றாவது, உட்கார்ந்து ஓட்டும் ரைடிங் மோவர். 42 அங்குல அகலம் வெட்டுவது இதில் பரவலான அளவு. இன்ஜின் ஏறத்தாழ 17 முதல் 20 குதிரைத்திறன். விலை சில லட்சம் ரூபாய்.

நான்காவது, டிராக்டரின் பின்னால் மாட்டும் ரோட்டரி ஸ்லாஷர். ஏற்கெனவே டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும். வரிசையாக நட்ட பெரிய தென்னந்தோப்பில் இடைவெளிப் புல்லை வேகமாக அடித்துத் தள்ளும்.

பவர் வீடர் என்பது வேறு. அது மண்ணைக் கிளறிக் களையைப் புரட்டும் கருவி. புல்வெட்டும் வேலைக்கு என்று அதை வாங்கக் கூடாது.

உட்கார்ந்து ஓட்டும் மிஷின் நமக்கு ஆகுமா?

இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டே பதில் காணலாம். 42 அங்குலம் என்றால் ஏறத்தாழ 1.07 மீட்டர். மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் 6,400 சதுர மீட்டர் வெட்டலாம். திரும்புவது, முன்வெட்டின் மேல் சற்று ஏறி வெட்டுவது ஆகியவற்றுக்கு ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் சுமார் 5,100 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ ஒன்றேகால் ஏக்கர். ஐந்து மணி நேரத்தில் ஆறு ஏக்கர். பிரஷ் கட்டரில் ஒருவர் நாள் முழுக்க வேலை செய்தாலும், புல்லின் அடர்த்தியைப் பொறுத்து அரை ஏக்கர் முதல் ஒரு ஏக்கர் வரைதான் ஆகும். இந்த வேகத்தைப் பார்த்துத்தான் பலரும் மயங்குகிறார்கள்.

ஆனால் அந்த வேகம் சமமான புல்தரையில் மட்டுமே கிடைக்கும். நம் மாவட்டத்து நிலம் அப்படிப்பட்டதா? பல இடங்களில் செம்பூரான் கல் தலை நீட்டிக்கொண்டிருக்கும். தோப்பில் வட்டப்பாத்தியும் வாய்க்காலும் சொட்டுநீர்க் குழாயும் கிடக்கும். விழுந்த மட்டையும் தேங்காயும் புல்லுக்குள் மறைந்திருக்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் சாய்த்த தென்னைகளின் அடிக்கட்டைகள் இன்னும் எடுக்கப்படாத தோப்புகளும் உண்டு. ரைடிங் மோவரின் பிளேடு தரையிலிருந்து சில அங்குல உயரத்தில் சுழல்வது. ஒரு கல்லோ கட்டையோ பட்டால் பிளேடு வளையும், அதைத் தாங்கும் தண்டும் கோணும். இடுப்பளவு வளர்ந்த புல்லில் விட்டால் அடைத்துக்கொண்டு திணறும். அது மாதம் இரண்டு முறை வெட்டிப் பராமரிக்கும் புல்லுக்கான மிஷின். ஆண்டுக்கு ஒருமுறை காடு வெட்டுவதற்கானது அல்ல.

சரிவும் ஒரு சிக்கல். 15 டிகிரிக்கு மேற்பட்ட சரிவில் ஓட்ட வேண்டாம் என்பது இவ்வகை மிஷின்களுக்குப் பொதுவாகத் தரப்படும் எச்சரிக்கை. கண்மாய்க் கரையும் சாலையோரப் பள்ளமும் அதைவிடச் செங்குத்தானவை. அங்கே மிஷின் கவிழ்ந்தால் ஓட்டுபவர் அடியில் சிக்குவார்.

இனி வரவைப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 6 ஏக்கர், ஆண்டுக்கு 100 நாள் வேலை என்றால் 600 ஏக்கர் வேண்டும். ஒரு முழு அளவுக் கால்பந்து மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம்; அது ஒன்றேமுக்கால் ஏக்கர். அப்படியானால் ஆண்டுக்குச் சுமார் 350 முறை மைதானம் வெட்ட வேண்டும். மாதம் இரண்டு முறை வீதம் ஆறு மாதம் வெட்டினால் ஒரு மைதானத்துக்கு 12 முறை. ஆக, தண்ணீர் பாய்ச்சிப் புல் வளர்க்கும் மைதானங்கள் ஏறத்தாழ முப்பது உங்கள் கையில் இருக்க வேண்டும். நம் பகுதியில் பெரும்பாலான பள்ளிக்கூட மைதானங்கள் செம்மண் தரைதான்.

விதிவிலக்கு உண்டு. பெரிய கல்லூரி வளாகங்கள், விராலிமலை வட்டாரம் போன்ற தொழிற்சாலைப் பகுதிகள், திருச்சியின் பெரிய நிறுவனங்கள் ஆகியவற்றில் ஆண்டு முழுவதற்குமான பராமரிப்பு ஒப்பந்தம் எழுத்து மூலம் கிடைத்தால் ரைடிங் மோவர் பற்றி யோசிக்கலாம். ஒப்பந்தம் முதலில், மிஷின் பிறகு. மிஷினை வாங்கிவிட்டு ஒப்பந்தம் தேடுவது தலைகீழான வழி.

நாள் கணக்கு போட்டுப் பாருங்கள்

கீழே உள்ள விலைகள் கணக்கு விளங்குவதற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையையும் கூலியையும் இட்டு நீங்களே போட்டுப் பாருங்கள்.

பிரஷ் கட்டர்: விலை 24,000 ரூபாய். மூன்று ஆண்டு உழைக்கும் என்று கொண்டால் ஆண்டுக்கு 8,000. ஆண்டுக்கு 100 நாள் வேலை என்றால் மிஷினின் தேய்மானம் நாளொன்றுக்கு 80 ரூபாய். இன்ஜின் ஓடும் நேரம் 5 மணி. மணிக்கு 800 மில்லி வீதம் 4 லிட்டர் பெட்ரோல், லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் 400. கலக்கும் ஆயில் 40. நரம்பு, பிளேடு 100. பழுது பார்க்க 80. போக்குவரத்து 100. மொத்தம் 800 ரூபாய். உங்கள் கூலி 800 என்று வைத்தால் நாளுக்கு 1,600 வர வேண்டும். அதற்கு மேல் வருவதே லாபம்.

ரைடிங் மோவர்: விலை 3,60,000. ஆறு ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 60,000; 100 நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 600. பெட்ரோல் மணிக்கு 3 லிட்டர் வீதம் 1,500. பெல்ட், பிளேடு, பழுதுக்கு 300. ஏற்றிச் செல்ல லோடு வண்டி வாடகை 1,000. கூலி 800. மொத்தம் 4,200 ரூபாய்.

வேலை 30 நாள்தான் கிடைத்தது என்று வையுங்கள். பிரஷ் கட்டரின் நாள் செலவு 1,600லிருந்து ஏறத்தாழ 1,790 ஆகும், தாங்கிக்கொள்ளலாம். ரைடிங் மோவரின் செலவோ 4,200லிருந்து 5,600 ஆகிவிடும். மிஷின் சும்மா நின்றாலும் அதன் செலவு நிற்பதில்லை. விலை கூடக் கூட, சும்மா நிற்கும் நாளின் பாரமும் கூடும்.

பலர் தங்கள் கூலியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 'நான்தானே வேலை செய்கிறேன், எனக்கு எதற்குக் கூலி' என்பார்கள். மிஷின் பழுதாகும்போது புதிதாக வாங்கக் கையில் காசு இருக்காது. கூலியையும் தேய்மானத்தையும் தனித்தனியே எடுத்து வைப்பவரே தொழிலில் நிலைப்பார்.

பிரஷ் கட்டர் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

முதல் கேள்வி, இரண்டு ஸ்ட்ரோக்கா, நான்கு ஸ்ட்ரோக்கா? இரண்டு ஸ்ட்ரோக் மிஷின் எடை குறைவு, விலை குறைவு, சட்டென்று வேகம் எடுக்கும். ஆனால் பெட்ரோலில் ஆயில் கலந்தே ஊற்ற வேண்டும். கலவை அளவை மிஷினோடு வரும் புத்தகத்தில் பாருங்கள். 40க்கு 1 என்றால் லிட்டருக்கு 25 மில்லி. 50க்கு 1 என்றால் 20 மில்லி. கண்ணளவில் ஊற்றக் கூடாது. ஆயில் இல்லாமல் வெறும் பெட்ரோலில் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மிஷின் விலையில் பெரும்பகுதி அந்த ஒரு நாளில் போய்விடும்.

நான்கு ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலும் தனித்தனி. புகையும் சத்தமும் குறைவு, பெட்ரோலும் மிச்சமாகும். விலை சற்று அதிகம். ஆயில் அளவை நாள்தோறும் பார்ப்பதும் குறித்த மணிக்கொருமுறை மாற்றுவதும் கட்டாயம். ஹோண்டாவின் ஜிஎக்ஸ் 35 என்ற 35.8 சிசி இன்ஜின் இந்த வகையைச் சேர்ந்தது.

இரண்டாவது, சக்தி. வீட்டு மனை, மையவாடி, வரப்புப் புல்லுக்கு 35 சிசி அளவு போதும். நாள்தோறும் அடர்ந்த புதரில் வேலை செய்வதானால் 40 முதல் 50 சிசி வரை பார்க்கலாம். விளம்பரத்தில் பெரிய எண்ணைப் போட்டு மலிவாக விற்கும் பெயர் தெரியாத மிஷின்களும் சந்தையில் உண்டு. எண்ணைப் பார்த்து ஏமாறாமல், அந்த மிஷினுக்கு உதிரிபாகம் புதுக்கோட்டையிலோ அறந்தாங்கியிலோ திருச்சியிலோ கிடைக்கிறதா என்று கேளுங்கள். கார்புரேட்டர், கிளட்ச், ஸ்டார்ட்டர் கயிறு, ஏர் ஃபில்டர், கியர் தலை ஆகிய ஐந்தும் எங்கே கிடைக்கும் என்று சொல்ல முடியாத கடையில் வாங்காதீர்கள். சீசனில் பத்து நாள் மிஷின் நின்றால் வாடிக்கையாளர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்.

மூன்றாவது, மாட்டும் முறை. இன்ஜின் குழாயின் பின்முனையில் இருந்து, பட்டையால் தோளில் தொங்கும் வகை சமதரைக்கு நல்லது. வீசி வெட்டும் கட்டுப்பாடு நன்றாக இருக்கும். முதுகில் சுமக்கும் வகை கரைச் சரிவுக்கு வசதி. கடையிலேயே மாட்டி, ஓடவிட்டு, பத்து நிமிடம் வீசிப் பாருங்கள். ஒரு நாளில் ஐந்து மணி நேரம் சுமக்கப்போவது உங்கள் உடம்புதான்.

நான்காவது, வெட்டும் தலை. பசும்புல்லுக்கும் சுவரோரத்துக்கும் கபுரின் மீசான் கல்லோரத்துக்கும் நைலான் நரம்பு. கல்லில் பட்டாலும் பெரிய சேதம் இல்லை. முற்றிய நாணலுக்கும் புதருக்கும் மூன்று பல் பிளேடு. கட்டைவிரல் தடிமன் உள்ள குச்சிக்கு ரம்பப் பல் பிளேடு. அதைவிடத் தடித்த வேலிக்கருவைக்கு இந்த மிஷின் ஆகாது. மர அறுவை மிஷின் வேண்டும். கருவை வெட்டிய இடத்திலிருந்து மீண்டும் தழைக்கும். வேரோடு எடுக்க ஜேசிபிதான் வழி. இதை வாடிக்கையாளரிடம் முன்னமே சொல்லிவிடுங்கள். 'வெட்டிக் கொடுத்தீர்கள், மூன்று மாதத்தில் முளைத்துவிட்டதே' என்ற பேச்சு வராது.

உடலுக்கு ஆபத்து வராமல்

சுழலும் பிளேடு சிறு கல்லையும் குண்டுபோல வீசும். வேலை செய்பவரைச் சுற்றி 15 மீட்டருக்குள் யாரும், குறிப்பாகச் சிறுவர்களும் ஆடுமாடுகளும், வரக் கூடாது. முகத்திரை, கண்ணாடி, முழங்காலுக்குக் கீழ் காப்பு, பூட்ஸ், காதடைப்பு ஆகியவை மிஷின் விலையோடு சேர்ந்த செலவு. செருப்போடும் கைலியோடும் இந்த வேலை செய்யக் கூடாது. காதடைப்பு இல்லாமல் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தால் கேட்கும் திறன் போய்விடும், போனது திரும்பாது.

மேலிருந்து பார்த்தால் பெரும்பாலான மிஷின்களில் பிளேடு கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். எனவே வலமிருந்து இடமாக வீசி வெட்டுங்கள். பிளேடைக் கடிகார முகமாக நினைத்தால் 12க்கும் 2க்கும் இடைப்பட்ட பகுதி கட்டையில் பட்டால் மிஷின் பலமாக உதறி அடிக்கும். அந்தப் பகுதியால் தடித்த குச்சியைத் தொடவே கூடாது.

வேலைக்கு முன் நிலத்தை ஒருமுறை நடந்து பாருங்கள். பாட்டில், கம்பி, மின்கம்பத்தின் இழுகம்பி, சொட்டுநீர்க் குழாய் இருக்கும் இடங்களில் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். நம் பக்கம் கண்ணாடி விரியன் அதிகம். புல்லில் கைவிடும் முன் தடியால் தட்டுங்கள். இன்ஜின் ஆறிய பிறகே பெட்ரோல் ஊற்றுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

சீசன் முடிந்ததும்

இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டேங்கில் நின்றால் கார்புரேட்டர் கெடும். அதனால் மிஷினை ஓய்வாக வைக்கும் முன் டேங்கைக் காலி செய்து, மிஷின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். ஆயில் கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்காமல், அன்றன்றைக்கு வேண்டிய அளவே கலப்பது நல்லது.

பணம் எங்கிருந்து?

நிலம் உள்ள விவசாயிகளுக்கு, வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் தருகிறது. சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் என்பது அதன் பொது அளவு. ஒவ்வொரு கருவிக்கும் உச்சவரம்பு உண்டு. உழவன் செயலியில் பதிவு செய்யலாம். மிஷினை வாங்கிவிட்டுப் பிறகு மானியம் கேட்டால் கிடைக்காது. அனுமதி வந்த பிறகே வாங்க வேண்டும்.

தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகமான டாம்கோ, தொழில் தொடங்கக் குறைந்த வட்டியில் தனிநபர் கடன் தருகிறது. ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் விவரம் கேட்கலாம். மத்திய அரசின் பிஎம்இஜிபி திட்டம், கிராமப்புறச் சிறுபான்மையினருக்குத் திட்ட மதிப்பில் 35 சதவீதம் வரை மானியம் என்ற அமைப்பில் உருவானது. இதற்கு மாவட்டத் தொழில் மையத்தை அணுகவும். விதிகள் மாறக்கூடியவை. இடைத்தரகர் சொல்வதை நம்பாமல் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

வட்டியைத் தவிர்க்க விரும்புவோருக்கு வேறு வழிகள் உள்ளன. பிரஷ் கட்டர் போன்ற சிறு முதலீட்டுக்கு உறவினரின் அழகிய கடனோ ஜமாஅத்தின் பைத்துல்மால் உதவியோ போதுமானதாக இருக்கலாம். ஒருவர் மிஷினுக்குப் பணம் போட, மற்றவர் உழைத்து, லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் கூட்டு முறையும் உண்டு. எந்த முறையானாலும் பங்கு எவ்வளவு, பழுதுக்கு யார் பொறுப்பு, பிரியும்போது மிஷின் யாருக்கு என்ற மூன்றையும் சாட்சிகளோடு எழுதிக்கொள்ளுங்கள். மார்க்கச் சட்ட விவரங்களை ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளியுங்கள்.

தொடங்கும் முன்

மிஷின் வாங்கும் முன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். உங்கள் ஊரைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் யாருக்குத் தோப்பு, யாருக்கு மனை, எந்தப் பள்ளிக்கூடம், எந்த மையவாடி, ஆண்டுக்கு எத்தனை முறை வெட்டுவார்கள், இப்போது என்ன கொடுக்கிறார்கள் என்று எழுதுங்கள். அறுபது நாள் வேலைக்காவது பெயர் சேர்ந்தால் ஒரு பிரஷ் கட்டரோடு தொடங்கலாம். சேராவிட்டால் ஒரு சீசன் பிறர் மிஷினில் கூலிக்கு வேலை செய்து பாருங்கள். உடம்பு தாங்குமா, வேலை கிடைக்குமா என்ற இரண்டும் காசு செலவில்லாமல் தெரிந்துவிடும்.

வேலை பெருகினால் இரண்டாவது பிரஷ் கட்டரும் கூட ஓர் ஆளும். பிறகு கல்லூரி, மருத்துவமனை ஒப்பந்தம் கிடைத்தால் தள்ளும் மோவர். ஆண்டு ஒப்பந்தங்கள் கையில் சேர்ந்தால் அப்போது பெரிய மிஷின். இந்த வரிசையில் ஏறினால், ஒவ்வொரு படிக்கும் முந்தைய படியின் வருமானமே முதலாகும். வீட்டு நகை வீட்டிலேயே இருக்கும், இன்ஷா அல்லாஹ்.